"நாணயமில்லாதவன்" என்று எழுதிவிட்டார்கள், மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பெயரும், குடியிருக்கும் பகுதியின் யூனிட் எண்ணும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு பக்கம். பாதி ஆங்கிலம், பாதி கோயில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 57. கோயில் சங்கத்தில் பதினொரு வருடமாகப் பொருளாளர். தைப்பூசக் காவடி முடிந்த இரவு உண்டியலையும் நன்கொடைகளையும் எண்ணிப் பார்த்ததில் 31,650 ராண்ட். அந்த நேரத்தில் வங்கி ஏது? வழக்கம்போல வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இரண்டு. ஒன்றில் நோட்டு, மற்றதில் காசு. மூடிமேல் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். மறுநாள்தான் மகளின் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணத்துக்குக் கடைசி நாள். வரவேண்டிய ஓவர்டைம் பணம் வரவில்லை. டப்பாவிலிருந்து 14,000 ராண்ட் எடுத்து மகளுக்குக் கட்டிவிட்டு, மீதியைக் கோயில் கணக்கில் போட்டார். 26 நாள் கழித்துச் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அந்த 14,000த்தையும் கட்டிவிட்டார். ஒரு சென்ட் குறையவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மே மாதம் வங்கிக் கணக்குத் தாளைப் பார்த்த உபதலைவருக்கு இரண்டு தேதிகள் கண்ணில் பட்டன. இந்த உபதலைவர் வேறு யாரும் இல்லை, மனைவியின் பெரியப்பா மகன். மச்சான். கூட்டம் போடவில்லை, போன் செய்து கேட்கவும் இல்லை. இரவு பத்து மணிக்கு, 112 பேர் இருக்கும் கோயில் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் எழுதினார்: "மானங்கெட்டவன். நாணயமில்லாதவன். சாமி காசைத் தின்ற திருடன். மகள் படிப்பும் திருட்டுக் காசு."

அந்த 112 பேரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். "என்ன எழுதியிருக்கு?" என்று பிள்ளைகள் கேட்க, ஒரு பையன் போனில் மொழிபெயர்த்துப் போட்டான். நாணயமில்லாதவன் என்பது "சில்லறைக் காசு இல்லாத ஆள்" என்று வந்திருக்கிறது. சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. கடைசியில் ஒரு ஆன்ட்டி இங்கிலீஷில் நான்கு நிமிட வாய்ஸ் நோட் போட்டு எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். மறுநாள் அது ஃபீனிக்ஸ், டொங்காட் என்று பக்கத்து ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனபோது, பொருளாளர் பொறுப்பிலிருந்து நீக்கியாயிற்று என்று வாசலிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

கேள்விகள் இவை. ஐந்து லட்சம் ராண்ட் கேட்டு வழக்குப் போடலாமா? போலீசில் கொடுத்து மச்சானை உள்ளே வைக்க முடியுமா? "பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டேன், அப்புறம் எப்படி நான் திருடன்?" கடிதத்தின் கடைசி வரி: "நாங்கள் கவரிமான் பரம்பரை, அம்மா. இனி இருந்து என்ன?"

ஐயா, அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கவரிமான் என்று ஒரு மான் கிடையாது. குறளில் இருப்பது கவரிமா. பனிமலையில் திரியும் சடை எருமை என்றுதான் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அதன் வால் முடியை வெட்டித்தான் சாமரம் கட்டுகிறார்கள். முடி போனதற்காக அந்த மாடு செத்துப்போவதில்லை, முடி திரும்ப வளர்ந்துவிடும். பழைய உவமை ஒன்றை உங்கள் மேல் ஏற்றிக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்காதீர்கள். அப்படி ஓர் எண்ணம் உண்மையிலேயே வந்து போகிறது என்றால், வழக்கு, சங்கம் எல்லாம் அப்புறம். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அதுவும் கூச்சமாக இருந்தால் 0800 567 567 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே இருக்கும் இலவச உதவி எண் அது. பேர் ஊர் சொல்லாமலே பேசலாம்.

சரி, இனி வழக்கறிஞராகப் பேசுகிறேன்.

நான்கு வசை, நான்கும் வேறு

மச்சான் ஒரே மூச்சில் எழுதிய நான்கையும் நீங்கள் ஒரே அடியாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நீதிமன்றம் அதைத் தனித்தனியாகப் பிரித்துத்தான் பார்க்கும். தமிழும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

"மானங்கெட்டவன்" என்பதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற செய்தியே இல்லை. கோபத்தில் கொட்டும் வசை. கேட்பவர் உங்களைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை, உங்களுக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்கச் சட்டம் ரோமன் டச்சு வழி வந்தது. அதில் இந்த வலிக்கு டிக்னிடாஸ் என்று பெயர், தன்மானம். ஊரார் உங்களைப் பற்றி வைத்திருக்கும் மதிப்புக்கு ஃபாமா என்று வேறு பெயர். முதலாவதைக் காயப்படுத்தினால் இழிவுபடுத்தல், இரண்டாவதைக் குலைத்தால் அவதூறு. நம்மவர்கள் இரண்டையும் சேர்த்து "மானநஷ்டம்" என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம். ஒருவரை மானங்கெட்டவன் என்றதற்காக மட்டும் வழக்குப் போட்டால், சில்லறைத் தகராறு என்று நீதிபதி தள்ளிவிட வாய்ப்பு அதிகம்.

"நாணயமில்லாதவன்" கனமான சொல். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்தான், அதனால்தான் அந்தப் பையனின் போன் ஏமாந்தது. அயோக்கியன் என்றால் பொதுவாகக் கெட்டவன். வாக்குத் தவறியவன் என்றால் சொன்னதைச் செய்யாதவன். நாணயமில்லாதவன் என்றால் நம்பிக் கொடுத்த காசில் கை சுத்தமில்லாதவன் என்று குறிப்பாகச் சொல்வது. ஒரு பொருளாளரைப் பார்த்து அதைச் சொன்னால் ஊர் அவரைத் தாழ்வாக மதிக்கும். எனவே அவதூறுக்கு உரிய சொல்தான், சந்தேகமில்லை. ஆங்கில வங்கிக்காரர்கள் பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கு "மானம் இழந்தது" என்ற பொருளில்தான் ஒரு சொல் வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் 2020 டிசம்பர் 31ஓடு காசோலையே ஒழிந்துவிட்டது. சொல் மட்டும் மனிதர்கள் மேல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

"சாமி காசைத் தின்ற திருடன்" என்பது நேரடிக் குற்றச்சாட்டு. "மகள் படிப்பும் திருட்டுக் காசு" என்ற நான்காவதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே ஒரு வாக்கியத்தில் கடந்து போன அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

தமிழில் எழுதினால் அவதூறு ஆகாதா?

"மச்சான் தமிழில்தானே எழுதினான், கோர்ட்டில் செல்லாது" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தமிழோ ஸூலுவோ, எந்த மொழியில் சொன்னாலும் அவதூறு அவதூறுதான். சொன்ன சொற்களை அப்படியே மனுவில் எழுதி, கூடவே மொழிபெயர்ப்பும் தர வேண்டும். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. பார்த்தவருக்குப் புரிந்தால்தான் அது அவரிடம் "வெளியிடப்பட்டது" ஆகும். தமிழ் படிக்கத் தெரியாத நூறு பேர் போனில் அந்தச் செய்தி வெறும் கோடாகத்தான் கிடந்தது. அந்தப் பத்துப் பேர் போதும், சட்டப்படி ஒருவர் படித்துப் புரிந்துகொண்டாலே போதும். இழப்பீட்டுத் தொகையை மட்டும் இந்த எண்ணிக்கை பாதிக்கும்.

அதாவது உங்கள் பெயரை ஃபீனிக்ஸ் வரை கொண்டு போனது மச்சானின் எழுத்தைவிட ஆன்ட்டியின் வாய்ஸ் நோட். அவதூறை எடுத்துச் சொல்பவரும் பொறுப்பாளிதான், "நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்" என்று அவர் தப்பிக்க முடியாது. ஆனால் உங்கள் கல்யாணத்துக்கு அதிரசம் சுட்டவர் என்று நீங்களே எழுதியிருக்கும் அந்தக் கிழவியை நீதிமன்றப் படி ஏற்றப் போகிறீர்களா? உரிமை இருக்கிறது, அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

ஐந்து லட்சம், போலீஸ், ஜெயில்

ஐந்து லட்சம் என்ற எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். முன்னாள் நிதியமைச்சர் ட்ரெவர் மேனுவல், இ.எஃப்.எஃப். கட்சியின் ட்விட்டர் பதிவுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ராண்ட் தரச் சொன்னது. அத்தோடு கதை முடியவில்லை. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவதூறு என்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு தொகையை ரத்து செய்தது. எவ்வளவு என்பதைச் சாட்சி விசாரித்து முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொன்றையும் சொல்கிறேன். துணைத் தலைமை ஆசிரியர் ஒருவரின் தலையை நிர்வாணப் படத்தில் ஒட்டிப் பரப்பிய பள்ளி மாணவர்கள் வழக்கு 2011இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அங்கே 45,000 ராண்ட் 25,000 ஆகக் குறைந்தது. கூடவே, மன்னிப்புக் கேளுங்கள் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் நாட்டு நீதிபதிகள் இந்த விஷயத்தில் பணப்பையை அகலமாகத் திறப்பதில்லை. ஜெயித்தாலும் வக்கீல் செலவு முழுவதும் திரும்ப வராது, தோற்றால் எதிராளி செலவும் உங்கள் தலையில்.

குறைந்த செலவில் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 20,000 ராண்ட் வரையான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமல் நடத்தலாம் என்பது சரிதான். ஆனால் அவதூறு வழக்கை அங்கே எடுக்கவே மாட்டார்கள், சட்டத்திலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. எனவே இந்த வாரமே செய்தாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம்.

போலீஸ் விஷயம் எளிது. அவதூறு என்ற குற்றமே இந்த நாட்டில் இப்போது இல்லை. 2024 ஏப்ரலில் அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அது சிவில் வழக்கு மட்டும்தான். "சைபர் கிரைம் சட்டத்தில் மூன்று வருடம் கிடைக்கும்" என்று உங்கள் நண்பர் சொன்னதும் சரியில்லை. அந்தச் சட்டத்தின் தீய செய்திப் பிரிவுகள் அடிப்பேன், சொத்தை உடைப்பேன் என்ற மிரட்டலுக்கும், வன்முறைக்குத் தூண்டுவதற்கும், அந்தரங்கப் படங்களைப் பரப்புவதற்கும் உரியவை. வசைக்கு உரியவை அல்ல. மோசமான முறையில் ஒருவரின் தன்மானத்தைச் சிதைப்பது இன்னும் குற்றம்தான். ஆனால் இந்த நான்கு வரிக்காக ஒரு போலீஸ்காரர் வழக்குக் கோப்பு திறந்து ஓடி ஓடி விசாரிப்பார் என்று நான் நம்பவில்லை. அதுவும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பணத்தை எடுத்தீர்களா?" என்பதாக இருக்கும்.

அந்த 26 நாள்

இந்த இடத்தில் என் மேல் உங்களுக்குக் கோபம் வரலாம்.

"திருப்பிக் கட்டிவிட்டேன், அதனால் எடுத்ததாகவே ஆகாது" என்பது உங்கள் வாதம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தால் அதற்குத் தமிழில் கையாடல் என்று பெயர். தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் அதைத் திருட்டின் ஒரு வகையாகத்தான் பார்த்து வந்திருக்கின்றன. எடுத்த அன்று உங்கள் சொந்தக் கணக்கில், எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் நிலையில், அதே 14,000 இருந்ததா என்பதுதான் பெரிய கேள்வி. இருந்திருந்தால் டப்பாவைத் திறந்திருக்கவே மாட்டீர்கள். பிற்பாடு திருப்பிக் கொடுத்தது தண்டனையைக் குறைக்கும், எடுத்ததை எடுக்கவில்லை என்று ஆக்காது.

எங்கள் தொழிலில் இது இன்னும் கறார். வாடிக்கையாளர் பணத்துக்குத் தனிக் கணக்கு. வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை திருப்பி வைத்தேன் என்று சொன்ன வக்கீல்கள் தொழிலையே இழந்திருக்கிறார்கள். பணம் காணாமல் போனதா என்று அங்கே கேட்பதில்லை. "இந்தத் தொழிலுக்குத் தகுந்த, நாணயமான ஆளா?" என்றுதான் கேட்பார்கள்.

இப்போது மச்சானின் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய வக்கீல் என்ன சொல்வார்? இரண்டு தற்காப்பு சொல்வார். ஒன்று, "சொன்னது உண்மை, சொன்னது பொது நன்மைக்காக." தென்னாப்பிரிக்காவில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மையும் வேண்டும். இந்தியாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உங்கள் உறவினர் சொன்ன சட்டத்தை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள். கோயில் பணத்தில் பொது நன்மை என்ன என்று கேட்கிறீர்களா? 1960களில் மேகசின் பேரக்ஸ் என்ற டர்பன் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் இறக்கிவிட்ட நகரசபைத் தொழிலாளிகளில் உங்கள் அப்பாவும் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எழுப்பிய கோயில் அது. கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தங்கள் காசு ஒரு மாதம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. சொன்னது சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, சாரம் உண்மையாக இருந்தால் போதும். "தின்ற" என்பது பொய், ஏனென்றால் பணம் திரும்பிவிட்டது. ஆனால் "எடுத்தவன்" என்பது உண்மையாகிவிட்டால் "தின்ற" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை தூரம் போக முடியும்?

இரண்டாவது தற்காப்பு, சலுகை பெற்ற சந்தர்ப்பம். சங்க உறுப்பினர்கள் சங்கப் பணத்தைப் பற்றிச் சங்கத்துக்குள் பேசுவதற்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. இங்கே மச்சானின் வாதம் பலவீனம். குழுவில் உறுப்பினர் அல்லாதவர்கள், கூடாரம் வாடகைக்கு விடுபவர், ஜோஹன்னஸ்பர்க் மருமகன்கள், யாரோ ஒருவருடைய கனடா சித்தி எல்லாம் இருக்கிறார்கள் என்கிறீர்கள். உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் ராத்திரி பத்து மணிக்கு எழுதியதில் வன்மம் தெரிகிறது. நோக்கம் கெட்டதாக இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே வழக்கு முழுக்கத் தோல்வி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்த பிறகு இரண்டு வங்கிச் சீட்டையும் உங்கள் கையில் கொடுத்து, தேதியை வாசிக்கச் சொல்வார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வதந்தியாக இருப்பது அன்று நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிடும்.

மகளின் விஷயம்

"மகள் படிப்பும் திருட்டுக் காசு." அந்தப் பெண் டப்பாவைப் பார்த்ததுகூட இல்லை. அப்பா கட்டினார், அவள் வகுப்புக்குப் போனாள். அவளைப் பற்றி 112 பேருக்கு இப்படி எழுதியதில் உண்மை என்ற தற்காப்பும் நிற்காது, பொது நன்மையும் கிடையாது. ஆக, இந்தச் செய்தியில் சுத்தமான குறை ஒன்று இருக்கிறது என்றால் அது அவளுடையது. ஜெயிக்கும் என்று கையடித்துச் சொல்லவில்லை, உங்களுடையதைவிட நேரான வழக்கு என்கிறேன்.

ஆனால் அவளுக்கு 19 வயது. 18 தாண்டினால் இந்த நாட்டில் முழு வயது. அவள் பெயரில் நீங்கள் வழக்குப் போட முடியாது, போடச் சொல்லி நெருக்கவும் கூடாது. அவளுக்கு இது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? ஏழு பக்கத்தில் "என் மானம்" என்று பதினான்கு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு இடத்திலும் இல்லை. குழுவில் உள்ள இரண்டு பையன்கள் அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக் கேலி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது தொடர்ந்தால், 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவளே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வக்கீல் வேண்டியதில்லை. செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்

முதலில், யாருக்கும் எதையும் எழுதாதீர்கள். நல்ல மனதோடு எழுதும் "ஆமாம், எடுத்தேன், மன்னியுங்கள்" என்ற கடிதமும் நாளைக்குக் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கலாம். ஒரு வக்கீலோடு உட்கார்ந்து, எதை, யாரிடம், எப்படிச் சொல்வது என்று முடிவு செய்த பிறகு பேசுங்கள். காசு இல்லை என்றால் குவாஸூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம் டர்பனிலேயே இருக்கிறது. வங்கிச் சீட்டு இரண்டு, மகளின் கட்டண ரசீது, சீட்டுப் பணம் வந்த கணக்கு, குழுவில் வந்த செய்திகளின் படம், அந்த வாய்ஸ் நோட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து, சங்கத்தின் விதிப்புத்தகத்தைத் தேடி எடுங்கள். கோயில் வாசலில் வைத்துப் பொருளாளரை நீக்க முடியாது. நீக்குவதற்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், விதியில் எழுதியிருக்கும் முறைப்படி கூட்டம் கூட்டியிருக்க வேண்டும். இது உங்களுடைய பலமான பிடி. நாற்காலியைத் திரும்பப் பிடிப்பதற்காக இதைப் பயன்படுத்தாதீர்கள், அந்த நாற்காலி போனது போனதுதான். ஒழுங்கான ஒரு கூட்டத்தில், முழுக் கணக்கையும் மேசைமேல் வைத்துப் பேசும் வாய்ப்பைக் கேட்டு வாங்குவதற்குப் பயன்படுத்துங்கள். வீட்டு அலமாரியில் கோயில் பணம் வைக்கும் வழக்கத்தைப் பதினொரு வருடம் யாரும் கேள்வி கேட்கவில்லையே, அதையும் அங்கே கேளுங்கள். இரண்டு பேர் கையெழுத்து, அன்றிரவே வங்கியின் இரவுப் பெட்டியில் போடுவது என்று ஒரு விதி இருந்திருந்தால் நீங்களும் தப்பித்திருப்பீர்கள்.

மச்சானுக்கு வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். பணம் கேட்க வேண்டாம். "திருடன்", "தின்ற" என்ற சொற்களையும் மகளைப் பற்றிய வரியையும் திரும்பப் பெற்று, அதே குழுவில், தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத வேண்டும் என்று கேளுங்கள். "நாணயமில்லாதவன்" என்பதைத் திரும்பப் பெறச் சொல்லி நான் எழுதித் தர மாட்டேன். கடிதத்தில் நீங்கள் மறுத்து எழுதிய முதல் சொல் அதுதான், கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லை அவர் உங்கள் மேல் எறிந்த முறை தவறு. சொல்லுக்கு இருக்கும் காரணத்தை 26 நாளும் நீங்கள்தான் சுமந்தீர்கள்.

டர்பனில் வக்கீல் தொழில் செய்பவர்கள் எல்லோருக்கும் பாலசுந்தரம் கதை தெரியும். 1894இல், எஜமான் அடித்து முன்பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துணியைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலித் தமிழர். வெள்ளைக்காரர் முன்னால் தலைத்துணியை எடுத்துவிட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முன்னாலும் அப்படியே நின்றார். முதலில் அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருடைய மானத்தைப் பிறர் பறித்தார்கள், அதைத் திருப்பித் தருவது சட்டத்தால் முடிந்தது. அதிலும் காந்தி எஜமானைத் தண்டிக்க ஓடவில்லை, அவரிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவித்து வேறு இடத்தில் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டார். உங்கள் விஷயத்தில் பறிபோனதும் இருக்கிறது, நீங்களே கைவிட்டதும் இருக்கிறது. முதல் பாதிக்குத்தான் நான் நோட்டீஸ் எழுத முடியும்.

காவடியைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். 22 வருடமாக எடுக்கிறேன், இனி எடுக்கலாமா என்று. அது சட்டக் கேள்வி இல்லை, எனக்குப் பதில் சொல்லும் தகுதியும் இல்லை. கோயிலுக்குள் வரக்கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லி உங்களைத் தடுக்க சங்கத்துக்கு உரிமை கிடையாது என்பதை மட்டும் சொல்கிறேன். உறுப்பினர் நீக்கத்துக்கும் அதே விதிப்புத்தகம்தான். அது கையில் கிடைத்ததும் பொருளாளர் நியமனம், நீக்கம் பற்றிய பக்கங்களை நகல் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.